நம்மாளுதானே

1

இந்தக் கதையை எழுதுவதாகவே இல்லை. எங்கள் தெரு நர்கீஸ் வந்து, "அண்ணே, எங்க மென்பொருள் கூட்டத்துல ஒருத்தர் இறந்து போயிட்டாரு. இரங்கல் செய்தி ரெண்டு வரி எழுதித் தாங்க" என்றாள். இரண்டு வரி வரவில்லை, இது வந்தது.

முதல் தொடக்கம்: பேகம்பூரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மா—

(பொய். எங்கள் ஊரில் மழையாவது! வெயில் மண்டையைப் பிளந்தது.)

2

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று. யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி அனுப்பலாம். உள்ளே சேர்க்கும் உரிமை மூன்றே பேருக்கு. ஐந்து வருடம் சம்பளமில்லாமல் உழைத்து நர்கீஸ் அந்த மூன்றாவது ஆளானாள். அவள் 'சரி' என்றால் மற்ற இருவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பாஸ்கல் நத்தத்தில் செல்போன் பழுது பார்ப்பவர். அவர் தம்பிக்குப் பார்வை கிடையாது. மென்பொருளோ செல்போன் எண்ணை 'தொள்ளாயிரத்து எண்பத்து நாலு கோடியே...' என்று வாசித்துத் தொலைத்தது. அதை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க வைக்க, இரண்டு மாதம் படித்து நாற்பது வரி எழுதி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: 'நானும் நம்ம ஊருப் பக்கந்தான்மா.'

நர்கீஸுக்கு ஏக சந்தோஷம். 'செத்த நேரம் பொறுங்கண்ணே, பாத்துட்டு வாரேன்' என்று பதில் போட்டாள்.

(மற்ற இருவரில் ஒருவர் வெளியூர்க்காரர். எல்லார் கண்ணிலும் படும் அந்தப் பதிலில் 'செத்த' என்று பார்த்ததும் பதறிவிட்டாராம். எங்கள் பக்கம் அதற்குக் 'கொஞ்ச' என்று அர்த்தம். இந்த அடைப்புக்குறி வரிகளை எடுத்துவிட நினைத்தேன், மனசு வரவில்லை.)

3

செத்த நேரம் ஒன்பது நாளாகியும் முடியவில்லை. இடையில் கனடாவிலிருந்து முகம் தெரியாத ஒருவர் அதே கோளாறுக்குத் திருத்தம் அனுப்பினார். அன்றைக்கே பார்த்துச் சேர்த்துவிட்டாள். பாஸ்கலுடையதைத் திறக்காததால் இரண்டும் ஒன்றென்று அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இம்புட்டுப் பொறுப்பானவள் இப்படிச் செய்வாளா? அவளிடமே கேட்டேன்.

"வெளியாளக் காக்க வச்சா தப்பா நெனைப்பாகண்ணே. இவரு நம்மாளுதானேன்னு விட்டுட்டேன்."

நானும் அப்படித்தான். விருந்தாளிக்கு முதலில் இலை போட்டுவிட்டு, வீட்டு ஆளை அடுத்த பந்திக்கு உட்காரச் சொல்கிறவர்கள்தானே நாம்.

பத்தாம் நாள் பாஸ்கல் மாரடைப்பில் போய்விட்டார். கனடாக்காரர் திருத்தம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால், அந்த நாற்பது வரிக்கும் இனி வேலையில்லை.

4

அவர் மனைவி அமலோற்பவம் நர்கீஸுக்குப் போன் செய்தார். "அவரு எழுதுனது உள்ள போயிருச்சாம்மா? தம்பிகிட்டச் சொல்லணும்."

முடிவு அ: "போயிருச்சுக்கா" என்கிறாள் நர்கீஸ். அமலோற்பவம் அழுதுகொண்டே சிரி—

இதை அவளிடம் காட்டினேன். பேனாவை வாங்கிக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "நடக்காதத நான் உள்ள விடமாட்டேண்ணே."

முடிவு ஆ, நடந்தது: "இல்லக்கா. நான் தெறந்தே பாக்கல. என் தப்புதான்."

அமலோற்பவம் சொன்னார்: "நீ பாக்குறேன்னு எழுதுனதயே கடைக்கு வாரவுக கிட்டல்லாம் காட்டிக்கிட்டு இருந்தாரும்மா. அம்புட்டுப் பெரிய எடத்துல நம்மூருப் பிள்ள இருக்குன்னு."

அதற்கு நர்கீஸ் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது. உங்களிடம் ஒரு பதில் இருந்தால் இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.