விரிப்பின் மறுமுனை

விடியுமுன்னே பாய்லர் உறுமத் தொடங்கிவிடும். ஈர விரிப்பு ஒவ்வொன்றும் பிணக்கனம் கனக்கும். சலவைச் சோடா பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துகிடக்கும். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை நாங்கள்தான் வெளுக்கிறோம். ரத்தமும் சீழும் எங்களுக்கு, வெள்ளை அவர்களுக்கு.

தேய்த்த விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனை எனக்கு, மறுமுனை சிட்டுக்கு. ஆள் அத்தனை சின்னது, அதனால் அந்தப் பெயர். அன்று அவள் கண் சிவந்திருந்தது.

"உன் பாப்பாவுக்கு மூச்சு எப்படிம்மா?"

"இழுக்குது பெரியப்பா. ஆஸ்பத்திரியில அட்டை கேக்கறான். இல்லன்னா பணம் கட்டணுமாம். அவ படுக்கவேண்டிய விரிப்பை இங்க மடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு இலவச வைத்திய அட்டை என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். சிரிக்கிற குழந்தைப் படம் வேறு. சர்க்கார் சும்மா தருகிற எதையும் நான் நம்புகிறவனல்ல. இதிலும் கொக்கி இருந்தது. பெற்றவள் இங்கே வேலை செய்கிறாள் என்று முதலாளி சொல்லவேண்டும்.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். சிட்டு கேட்டாள்.

"நீ என் ஆளே இல்லம்மா. காண்ட்ராக்ட்காரன் ஆளு. அவனைக் கேளு."

"அவரு உங்க மச்சான்தான சார்? உங்களைக் கேக்கச் சொல்றாரு."

"உனக்குச் சொன்னா நாளைக்கு அத்தனை பேரும் என் ஆளுன்னு வந்து நிப்பீங்க."

"லேட்டா வந்தா கூலியப் பிடிக்கறப்ப மட்டும் நான் யாரு ஆளு?"

"வாய் நீளுது. ஆஸ்பத்திரி வண்டி வர்ற நேரம், வேலையப் பாரு."

சிட்டு மறுமுனையை விட்டுவிட்டாள். வெள்ளை விரிப்பு சேற்றுத் தரையில் விழுந்தது.

"யோவ் பெருசு, நீ மடி!"

"ஒத்தையா மடிக்க வராது முதலாளி. அந்த முனையை நீங்க பிடிங்க."

இஸ்திரிக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த மேசையிலும் ஒரு விரிப்பின் முனை கீழே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மனுஷரையும் லேசில் நம்பாதவன் நான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை இருமிக்கொண்டுதானே கிடக்கிறது! பாய்லர்காரன் தீயை அணைத்தான்.

போன் அலறியது. ஆஸ்பத்திரிதான்.

"எடுங்க சார்," என்றாள் சிட்டு. "உங்க ஆளுங்க யாருமே இங்க இல்லன்னு சொல்லுங்க."

அவர் எடுக்கவில்லை.

சிட்டு வீட்டிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, அழுக்கு உடுப்போடு அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அட்டை கொடுக்கிற அறையின் கதவை இன்னும் திறக்கவில்லை; வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறோம். பாப்பாவைப் படுக்கவைத்தால் மூச்சு முட்டுகிறது. நெஞ்சோடு நிமிர்த்தியே வைத்திருக்கவேண்டும். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார்.

இப்போது என் முறை. உள்ளே யாரோ சாவியோடு வருகிற சத்தம் கேட்கிறது. கதவு திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, ஒருவரும் எழுந்து போவதாக இல்லை.