விரிப்பின் மறுமுனை

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, மூலைக்கு மூலை சேர்த்து, ஒருவரை ஒருவர் நெருங்கி வந்து, மறுபடி விலக வேண்டும். விடுதிகளிலிருந்து வரும் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த நெருங்குதலும் விலகுதலும்தான். எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். துணியே சொல்லிவிடும்.

துணி சொல்வதைக் கேட்பதில் தராசக்காவை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். "எதிர்ல நிக்கிறவ காலைல சாப்பிட்டாளா, புருஷனோட சண்டை போட்டாளான்னு இழுக்குற இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள். பாதி பந்தா, பாதி உண்மை.

ஒரு நாள் காலையில் விரிப்பின் மூலைகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது, மறுமுனையைப் பிடித்திருந்த சிணுங்கியிடம் தராசக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நேத்து உன் கை நடிச்சுதுடி, சிணுங்கி."

"என்னக்கா சொல்றீங்க?"

"நோவுல தளர்ற கை நடுங்கித் தளரும். நேத்து உன் கை நல்லாத்தான் இழுத்துது. நான் பார்க்கிறேன்னு தெரிஞ்சதும் தளர்ந்துது. யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று சிணுங்கிக்கு. ஏனென்றால் தராசக்கா சொன்னது சரி. வலி பொய்யில்லை. நேற்றைய வலி மட்டும்தான் பொய்.

வலி வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதலில் கழுத்தும் தோளும். பிறகு இடுப்பு, முழங்கை, முழங்கால் என்று வாடகை வீடு மாறுவதுபோல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்தால் யாரோ அடித்துத் துவைத்துப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்து டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஒன்றுமில்லை. கூடத்தில் யாராவது தட்டிக் கூப்பிட்டால்கூட அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுத் தொட்டாற்சிணுங்கி என்று பெயர் வைத்தார்கள். நாளாக ஆகப் பாதி உதிர்ந்து, சிணுங்கி மட்டும் மிஞ்சியது.

முடியாத நாட்களில் சூப்பர்வைசர் அவளைத் தலையணை உறை மேசையில் உட்காரவிட்டார். அங்கேதான் தொல்லை தொடங்கியது. உட்கார்ந்தபடி உறை மடிக்கும் வேலைக்கு எல்லாருக்கும் ஆசை. மதியச் சாப்பாட்டில் அவள் ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்தால், "சிரிக்கத் தெம்பு இருக்கே" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். வலி இல்லாத நாளும் இடையில் வந்தது. அந்த நாட்களில் நிமிர்ந்து நடந்தால், மறுநாள் குனிந்து நடப்பதை எவள் நம்புவாள்? அதனால் நல்ல நாட்களிலும் கொஞ்சம் நொண்ட ஆரம்பித்தாள். எழும்போது "அம்மா" என்று ஒரு முனகல். அதுவே பழகிப்போய், எது தானாக வந்த முனகல், எது வரவழைத்தது என்று அவளுக்கே பிடிபடாமல் போனது. ஒருவேளை எல்லாமே நான் வரவழைத்துக்கொண்டதுதானோ என்று சில சமயம் தோன்றும்.

தராசக்கா சொன்ன அன்றே சூப்பர்வைசர் கூப்பிட்டார். தராசக்காவே போட்டுக்கொடுத்துவிட்டாளோ என்றுதான் சிணுங்கி முதலில் நினைத்தாள்.

"ஒரு நாள் இழுக்குற, ஒரு நாள் முடியலங்குற. மத்தவங்க என் உயிரை எடுக்குறாங்கம்மா. பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு. இன்ன நோய்னு அவர் சொல்லட்டும், உன்னைத் தலையணை உறைக்கே மாத்திடறேன். அவரும் ஒண்ணுமில்லைன்னுட்டா இங்க உனக்குக் குடுக்க வேற வேலை இல்ல."

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கோபக்காரன் இல்லை. ஆனால் எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான்.

"பழுதுன்னா அது ஒரு இடத்துல இருக்கணும். நேத்து தோளுன்ன, இன்னிக்கு இடுப்புங்குற. நடந்து போற பழுதை நான் பார்த்ததே இல்ல" என்றான். பிறகு, "நானும் வர்றேன்" என்றான்.

எதற்கு வருகிறான்? துணைக்கா, டாக்டர் சொல்வதைத் தன் காதால் கேட்கவா? போன வாரம் அவள் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, கதவருகில் அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று வாளியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் வலி இல்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை உறுத்தியது.

பெரிய டாக்டர் வயதில் சின்னவராக இருந்தார். பழைய பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். வேலை போயிற்று என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவரோ விடாமல் கேட்டார். எங்கெங்கே வலி? எத்தனை மாதமாக? தூங்கி எழுந்தால் எப்படி இருக்கும்?

"தூங்காத மாதிரியே இருக்கும் டாக்டர்."

"மறதி?"

"மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிப்பேன்."

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். இதை அவள் வீட்டில் சொன்னதில்லை.

கட்டிலில் உட்காரவைத்து, கட்டைவிரலால் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். பிடரி: வலித்தது, சொன்னாள். தோள்: சொன்னாள். முழங்கை: பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் நெற்றியை அழுத்தினார். நெற்றி எதற்கு? அங்கே வலி என்று அவள் சொல்லவே இல்லையே. அடுத்து அவளுடைய கட்டைவிரல் நகம். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இது பொறி. சும்மா இருக்கும் இடத்தைத் தொட்டு, இங்கேயும் வலிக்கிறது என்கிறாளா என்று ஆழம் பார்க்கிறார். தொட்ட இடமெல்லாம் வலி என்றால் எந்த டாக்டர் நம்புவார்? நாலு இடத்தில் ஆமாம் என்றால் நாலு இடத்தில் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதுதானே கணக்கு?

இடுப்பில் அழுத்தினார். தீக்கங்கை வைத்தது போலிருந்தது.

"இல்ல டாக்டர்."

முழங்காலின் உள்பக்கம்.

"இங்கயும் இல்ல."

டாக்டர் கையை எடுக்கவில்லை. "நெஜமா இல்லையா?"

"இல்ல."

"அப்ப கால்விரல் ஏன் இப்படிச் சுருண்டுக்குது?"

அவள் குனிந்து பார்த்தாள். பத்து விரலும் நத்தை போல உள்ளே சுருங்கியிருந்தன. கணவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க தொட்டாலும் வலிக்குதுன்னா, பொய் சொல்றேன்னு நினைச்சிடுவீங்கன்னு..."

"அதனால பொய் சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. "நம்ப மாட்டாங்கன்னு பயந்தவங்க சில பேர்கிட்ட கூட்டிச் சொல்வாங்க, சில பேர்கிட்ட குறைச்சுச் சொல்வாங்க. எனக்குப் பழக்கம்தான். நான் உங்களைச் சோதிக்கலம்மா. வலியைத்தான் தேடறேன்."

அப்புறம்தான் பெயரைச் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா. ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், நாக்கு இடறியது.

"ஒண்ணுமில்லைங்கிறதுக்குத்தான் இவ்வளவு நீளப் பேரா டாக்டர்?"

"இல்ல. ரத்தத்துல இது தெரியாது. வேற நோய் எதுவும் இல்லைன்னு பார்க்கத்தான் அந்தப் பரிசோதனையெல்லாம். சின்ன வலியைக்கூட நரம்பும் மூளையும் பெரிசாக்கி உங்களுக்குச் சொல்லுது."

கணவன் தொண்டையைச் செருமினான். "அப்ப லிஃப்ட் நல்லா இருக்கு. அலாரம்தான் சும்மா அடிக்குது."

"சும்மா இல்லங்க. உள்ள நிக்கிறவங்க காது கிழியுதில்ல?"

நோய் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் ஒரு மாத்திரை, தினமும் கொஞ்சம் நடை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றார். எழுந்த பிறகும் அவள் நின்றாள்.

"ஒரு கேள்வி. சில நாள் வலியே இருக்காது. அப்ப அது...?"

"அதுவும் இந்த நோயோட சேர்த்திதான். அந்த நாள்ல எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செஞ்சிடாதீங்க. ஆனா மறைக்கவும் வேண்டாம்."

தெருவில் இறங்கி இருவரும் வெகுதூரம் நடந்தார்கள். பிறகு அவளே சொன்னாள்.

"அன்னிக்கு வாளி தூக்கினப்ப எனக்கு வலிக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா, அடுத்த தடவை நெஜமா வலிக்கும்போது சொல்லாம விட்டுடுவியோன்னுதான்."

அவள் அதை நம்பவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். பாதிதான் நம்பினாள்.

சூப்பர்வைசர் வாக்குத் தவறவில்லை. தலையணை உறை மேசை அவளுக்கே என்றாகிவிட்டது. நோயின் பெயர் கூடத்துக்குள் ஆளுக்கொரு விதமாகச் சுற்றி வந்தது. "பேரு வெச்சுட்டா புள்ள பொறந்துடுமா?" என்றாள் தராசக்கா, எல்லார் காதிலும் விழும்படி. சிரித்தார்கள். சிணுங்கி தலை நிமிராமல் உறைகளை மடித்தாள்.

அடுத்த வாரம் ஒரு நல்ல நாள் வந்தது. எழுந்ததுமே தெரிந்துவிட்டது. மேசையிலிருந்து எழும்போது பழைய முனகல் தொண்டை வரை வந்தது. எச்சிலோடு விழுங்கினாள். தராசக்காவுக்கு மறுமுனை பிடிப்பவள் அன்று வரவில்லை. விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சிணுங்கி நிமிர்ந்து நடந்துபோய் மறுமுனையைப் பிடித்தாள். கிழிசல் தைக்கும் இயந்திரத்தின் பக்கமிருந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குத்தான் நோயாச்சே" என்றாள் தராசக்கா.

"நோய்தான். இன்னிக்கு கம்மி. கொஞ்ச நேரம் மடிக்கிறேன், அப்புறம் போய் உட்கார்ந்துக்குவேன்."

"நேத்து முடியலன்ன."

"நேத்து முடியல. இன்னிக்கு முடியுது. ரெண்டும் நெஜம்கா. நீங்க கண்டுபிடிச்சீங்களே, அந்த நாள்தான் பொய். அதையும் ஒத்துக்கிறேன்."

தராசக்கா விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். வேண்டுமென்றே இழுத்த இழுப்பு. சிணுங்கியும் இழுத்தாள், துணி தளரவில்லை. இருவரும் நெருங்கி வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். மடிப்பை வாங்குகிற சாக்கில் தராசக்காவின் கட்டைவிரல் இவள் முழங்கையின் மேல் வந்து அழுந்தியது. டாக்டர் அழுத்திய அதே இடம். கண்கள் இவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"வலிக்குது" என்றாள் சிணுங்கி.

"கம்மின்னியே."

"கம்மின்னுதான் சொன்னேன்கா. இல்லைன்னு சொல்லல."

தராசக்கா அவளை இன்னும் ஒரு கணம் அளந்து பார்த்தாள். நம்பினாளா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. விரலை மட்டும் எடுத்துக்கொண்டாள். குனிந்து, குவியலிலிருந்து அடுத்த விரிப்பை உருவி, ஒரு முனையை நீட்டினாள்.