பால்சா கட்டைக்கு வந்த வாழ்வு

பால்சா கட்டை விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால், ராக்கெட்டே வேண்டாம், அந்த விலைச்சீட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாலே நிலாவுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது லிப்ட்காரருக்கு. ஊரார் ஏறி இறங்கிய லிப்டுகளையெல்லாம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கை நீள அட்டை ராக்கெட்டுகளை வானத்துக்கு ஏற்றுகிறார். அட்டைக்குப் பஞ்சமில்லை, வால் சிறகுகளுக்குத்தான் கனமே இல்லாத அந்தக் கட்டை வேண்டும்.

"காத்தாலை இறக்கைக்குள்ள இதைத்தான் வெச்சு அடைக்கிறாங்களாம் சார். நமக்கு வர்றது சிந்தினது சிதறினதுதான்," என்ற கடைக்காரர், கைக்குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் ஒரு துண்டை நீட்டினார். "தும்மிடாதீங்க, பறந்துடும்."

வேண்டாமென்று ஒதுங்கவும் வழியில்லை. ஊர் ராக்கெட் சங்கத்தின் சுழற்கோப்பையை அவருடைய சம்பந்தி, மகளின் மாமனாரான பல் டாக்டர், இரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டு போயிருந்தார். மூன்றாவது முறையும் ஜெயித்தால் கோப்பை அவர் வீட்டோடு தங்கிவிடும். பேத்தியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். அதற்கு லிப்ட் கயிற்றில் தொங்கலாம்.

மரத்தின் ரேகை ராக்கெட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி வெட்டினால்தான் சிறகு உடையாமல் நிற்கும். கிடைத்த துண்டில் அப்படி வெட்டியதில், வேண்டிய மூன்றில் இரண்டுதான் தேறின. மூன்றாவதை ரேகையைத் திருப்பிப் போட்டு வெட்டி, சிவப்புச் சாயத்தை அப்பி மறைத்தார்.

"இது மட்டும் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"வெட்கப்படுது."

பறக்கவிடும் முன் எதிராளிதான் சிறகுகளை அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். போட்டியன்று மைதானத்தில் சம்பந்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைவாய்ப் பல்லைத் தொடுவதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது ஆடுதே சம்பந்தி. வலிக்குதா?"

"அழுத்தாதீங்க, அழுத்தா..."

டக்கென்று சிவப்புச் சிறகு டாக்டர் கையோடு வந்துவிட்டது.

"சொத்தை! அப்போ கோப்பை எனக்குத்தான்."

"அதெப்படி?" என்று எழுந்தார் சங்கச் செயலாளரான தையல்கார அம்மா. "ரெண்டு ராக்கெட்டாவது பறந்தாத்தான் போட்டி. கட்டை வாங்க முடியாம நாங்கல்லாம் இந்த வருஷம் கைதட்டத்தானே வந்திருக்கோம்? உங்க ரெண்டு பேரை விட்டா வேற யாரு?"

மயக்க ஊசி போட்டதுபோல் டாக்டரின் முகம் ஒரு பக்கமாகத் தொங்கியது. லிப்ட்காரரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"கார்ல ஒரு பால்சா தகடு கிடக்கு. வெட்டி ஒட்டிக்குங்க."

டிக்கியைத் திறந்தால், போர்வைக்கு அடியில் ஒரு பால்சா காடே படுத்திருந்தது.

"விலை இன்னும் ஏறும்னு சொன்னாங்க, அதான்..." என்று இழுத்தார் டாக்டர்.

லிப்ட்காரர் ஒரு தகடை எடுத்தார். அது போதும், இன்றைக்கே பறக்கலாம். நாற்காலிகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சங்கத்தாரைப் பார்த்தார். தகடை மறுபடி உள்ளே வைத்தார்.

"அவங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுங்க சம்பந்தி. அடுத்த மாசம் எல்லாருமா பறக்க விடுவோம். இல்லேன்னா என் ராக்கெட் இப்படியே நொண்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடும்."

"மிரட்டுறீங்களா?"

"விலைவாசி அப்படி."

"வாங்கின விலைக்குத்தான் தருவேன்!" என்று டாக்டர் போட்ட அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது. அவ்வளவுதான், கார் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அதன் வால் பக்கத்து ஊரைத் தொட்டது. கோப்பையைத் தையல்கார அம்மா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றார்.