வெர்னா எடுக்கச் சொன்ன டிப்ஸ்

கப்பல் நியூ ஆர்லியன்ஸ் துறையை விட்டு நகர்ந்த மாலை, ஹாலிஸ் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் வளைவுகளுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அல்ஜியர்ஸ் முனை, இங்கிலிஷ் டர்ன் என்று ஒவ்வொன்றும் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் வாயில் வந்துவிட்டது. கையில் கோப்பையோடு பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். மனைவி வெர்னா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் ஓட்டல் அறையில் அவளைப் பார்த்து, "நீங்க இந்த வீட்டுக்காரங்களா?" என்று கேட்ட அதே மனிதர்தான் இவர்.

ஹாலிஸ் டாலிவர் ஆயுளில் பெரும்பகுதியை மிசிசிப்பியிலும் ஓஹையோவிலும் பார்ஜ் என்னும் சரக்கு மிதவைகளைத் தள்ளிச்செல்லும் படகுகளை ஓட்டிக் கழித்தவர். வீடு கென்டக்கி மாநிலத்துப் படூக்காவில். வெர்னா அங்கே வெள்ளத்தடுப்புச் சுவரை ஒட்டியிருந்த ஓர் உணவுக்கடையில் ஆற்றுக்காரர்களுக்குப் பிஸ்கட் என்னும் மென்ரொட்டியும் கிரேவியும் பரிமாறியவள். இரண்டு வருடமாக அவருக்கு நினைவு கழன்றுகொண்டே வந்தது. எங்கேயாவது போவதென்றால் இப்போதே போய்விட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். இந்த நிலையில் அவரைக் கூட்டிக்கொண்டு கடலில் என்ன வேலை என்று மகள் சண்டை போட்டாள். வெர்னா கேட்கவில்லை. கடல் வரைக்கும் அந்த ஆற்றில் இன்னொரு முறை அவர் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

பதிவு செய்தது வசந்த காலத்தில். கப்பல் ஏறுவதற்குள் ஊழியர்களுக்கான டிப்ஸ் கூடிவிட்டது என்று போனில் செய்தி வந்தது. ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று அதுவாகவே கணக்கில் ஏறும். ஒரு இஞ்சி சோடா வாங்கினால் அதற்கும் தனியாக ஒரு பங்கு ஏறும். அதற்கு முந்தைய வருடமும் கூட்டினார்களாம்.

வெர்னா பாதி ஆயுளை டிப்ஸில் ஓட்டியவள். மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியது டிப்ஸ் காசில். ஆனால் அவள் அறிந்த டிப்ஸுக்கு ஒரு முகம் இருந்தது. தட்டுக்கடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள், இல்லையென்றால் கையில் திணிப்பார்கள். வைக்காமல் போனவனையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இங்கே யாரும் எதுவும் செய்வதற்கு முன்பே பையிலிருந்து பணம் பிடுங்கப்படுகிறது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவர்களுடைய அறையைப் பார்த்துக்கொண்டவன் ரோடெல். பிலிப்பைன்ஸ்காரன், நடு வயசு, சிரிக்கும்போது மட்டும் வயசு குறையும். முதல் நாளே அவனுக்கு ஹாலிஸின் வழக்கம் பிடிபட்டுவிட்டது. அவர் ஓட்டிய படகுகளில் நண்பகலுக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆள் மாறும். அந்த நேரம் நெருங்கினால் ஹாலிஸுக்குக் கால் நிற்காது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டும் அறையைத் தேடிக் கிளம்பிவிடுவார். வெர்னா கையைப் பிடித்தால் உதறுவார். ஒருமுறை அப்படி அவர் நடைவழியில் போனபோது, தள்ளுவண்டியோடு நின்ற ரோடெல் குறுக்கே வந்து விறைப்பாக நின்றான்.

"கேப்டன், உங்களுக்குப் பதிலா ஆள் ஏறியாச்சு. நீங்க போய்ப் படுங்க."

ஹாலிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்துல தண்ணி எப்படிடா இருக்கு?"

"ஏறிட்டு இருக்கு கேப்டன். ஆனா பயமில்ல."

"மரக்கட்டை மிதந்து வரும். வெளக்கப் போட்டுப் பாக்கச் சொல்லு."

"சொல்லிடறேன்."

அவர் திரும்பிவந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனார். அதன் பிறகு நண்பகலிலும் ஆறு மணிக்கும் ரோடெல் எப்படியோ அந்த நடைவழி முனையில்தான் இருந்தான். தனக்காகத்தான் அங்கே நிற்கிறான் என்று வெர்னாவுக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

சாப்பாட்டு மேசையில் அவர்களோடு டெக்சஸிலிருந்து வந்த ராய்ஸும் அவர் மனைவி மேவிஸும் உட்கார்ந்தார்கள். ராய்ஸ் எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் விற்றவர், வாய் மூடாது. மனைவி அதிகம் பேசமாட்டாள். தினமும் சூப்பு வருவதற்குள் டிப்ஸ் பேச்சு வந்துவிடும். தன் கப்பல் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு வக்கில்லை, அதை நம் தலையில் கட்டுகிறான் என்பார். டிக்கெட்டை ஒழுங்காக விலை போட்டு விற்றால் ஒருத்தனும் வாங்கமாட்டான், அதனால் இப்படிப் பின்வாசல் வழியாக வருகிறான் என்பார். சுற்றி இருந்த மேசைகளிலும் தலைகள் ஆடும். ஒரு கிழவி மட்டும், அந்தப் பிள்ளைகள் பாவம் என்று சொல்லிப் பார்த்தாள். ராய்ஸ் விடவில்லை.

"பாவந்தான் அம்மணி. நானும் இல்லேங்கல. பாவப்பட வேண்டியது நானா, அவனோட முதலாளியா? கவுன்டர்ல போய்ச் சொன்னா டிப்ஸைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்க. அவங்க எடுக்கமாட்டோம்னு சொல்ல முடியாது. வெர்னா, நீங்க ரெண்டு பேரும் பென்ஷன்காரங்க. முதல்ல நீங்கதான் போகணும்."

வெர்னா சிரித்து வைத்தாள். போகவேண்டும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

மறுநாள் பாரில் ஹாலிஸ் ஒரு இஞ்சி சோடா கேட்டார். பார்க்காரன் அதை நீட்டிவிட்டு அவர்கள் அறை அட்டையைத் தேய்த்துப் பார்த்தான், திரும்பவும் தேய்த்தான். கணக்கில் தடை இருக்கிறது, கவுன்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னான். நாளுக்கு நாள் ஏறிய டிப்ஸ், அவள் வங்கி அட்டையின் கடைசிப் பணத்தையும் தின்றிருந்தது. பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஹாலிஸ் சோடாவை இறுக்கப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். வெர்னா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கித் திருப்பி வைத்தாள். காது மடல் எரிந்தது. அங்கிருந்து நேராகக் கவுன்டர் வரிசைக்குப் போனாள்.

கவுன்டரில் இருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. பழகிப்போன வேலை. காரணம் ஒன்று போட்டால்தான் எடுக்க முடியும் என்றாள். அறையா, சாப்பாடா, வேறு ஏதாவதா? காசில்லை என்பதற்கு அதில் இடம் இல்லை. இருந்திருந்தாலும், பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது வெர்னா அதைச் சொல்லியிருக்கமாட்டாள். ஹாலிஸ் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது ஒண்ணு போடும்மா. அறைன்னு போடு."

போட்டாள். அவ்வளவுதான், அரை நிமிட வேலை.

மறுநாள் காலை கதவைத் தட்டியது வேறு ஆள். உயரமான பையன், நல்ல பேச்சு, கண் மட்டும் கடிகாரத்தில். ரோடெலை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். ஏன் என்று வெர்னா கேட்கவில்லை. கவுன்டரில் தான் போடச் சொன்ன அந்தப் புகார்தான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் ராய்ஸ், "எடுத்துட்டியா? அப்படிப் போடு!" என்று தோளில் தட்டினார். இறைச்சி வாயில் மரத்தூள் போல இருந்தது.

ரோடெலை அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் பார்த்தாள். ஒரு அடுக்குத் துண்டுகளை அணைத்துக்கொண்டு இறங்கி வந்தவன் அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டான். அவள் கைப்பையைத் திறந்து, அவசரச் செலவுக்கென்று மடித்து வைத்திருந்த நோட்டை நீட்டினாள். அவன் கையைத் தூக்கவில்லை.

"வேணாம் மேம். டிப்ஸைக் கணக்குலேர்ந்து எடுத்தவங்க கையில கொடுத்தா, நாங்க அதை ஆபீஸ்ல கட்டிடணும். வெச்சுக்கிட்டா வேல போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கலாமா மேம்? அறையில என்ன குறை இருந்துச்சு? சூப்பர்வைசர் சொல்லமாட்டேங்குறாரு. தெரிஞ்சா அடுத்த தடவ பாத்துக்குவேன்."

உண்மையைச் சொல்லத்தான் வெர்னா வாயைத் திறந்தாள். என் கார்டில் காசில்லை, உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் முடிந்தது. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தத் துண்டுங்கதான். கொஞ்சம் ஈரமா இருந்துச்சு."

ரோடெல் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தான். தலையாட்டினான். "மன்னிச்சுக்குங்க மேம். இனிமே கவனிச்சுக்கறேன்." போகிற போக்கில் நின்றான். "கேப்டன் மத்தியானம் கெளம்புவாரே, புது ஆள்கிட்டச் சொல்லியிருக்கேன். ஆனா அவனுக்கு ரெண்டு நடைவழி. எப்பவும் அங்கேயே நிக்க முடியாது. நீங்க பாத்துக்குங்க."

அன்று முழுவதும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டுக்கடியில் ஒன்றும் வைக்காமல், மேலாளரிடம் காபி ஆறிப்போயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போன ஒருவனை அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவளை ஒரு வாரம் சமையல்கட்டில் பாத்திரம் துலக்க அனுப்பினார்கள். அவன் முகத்தை இத்தனை வருடம் வெறுத்திருக்கிறாள்.

மறுநாள் முற்பகலில் ஹாலிஸ் அசந்து தூங்கியபோது, அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு அவள் கவுன்டருக்குப் போனாள். மகளுக்குப் போன் செய்து கெஞ்சிக் கொஞ்சம் பணம் போட வைத்திருந்தாள். வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் டிப்ஸை எடுக்க வந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் முறை வந்தபோது, டிப்ஸைத் திருப்பிப் போடச் சொன்னாள். அதோடு அந்தப் புகாரையும் எடுக்கச் சொன்னாள்.

"டிப்ஸைப் போட்டுடலாம் மேம். புகார் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போயிடுச்சு. அதை நாங்க தொட முடியாது."

"நான்தானம்மா சொன்னேன். நானே பொய்யின்னு சொல்றேன்."

அந்தப் பெண் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, குறித்து வைக்கிறேன் என்றாள்.

அறைக்குத் திரும்பியபோது கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. தொப்பி இல்லை. மணி நண்பகலைத் தாண்டியிருந்தது. நடைவழி முனையில் யாரும் இல்லை. தள்ளுவண்டி மட்டும் வேறொரு அறை வாசலில் நின்றது.

ஹாலிஸ் முன்பக்கத்து மாடிப்படியில் ஏறி, கப்பலை ஓட்டும் அறைக்குப் போகும் இரும்புக் கதவு வரை போயிருக்கிறார். தட்டியிருக்கிறார். யாரும் திறக்கவில்லை. திரும்பி இறங்கும்போது கால் இடறி ஒரு மாடிப்படி முழுக்க உருண்டுவிட்டார். வெர்னா கப்பல் மருத்துவ அறைக்குப் போனபோது அவர் வலியில் சாம்பல் நிறமாக இருந்தார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆள் மாத்த வந்தேன். கதவத் தெறக்கமாட்டேங்குறானுங்க. அவன் தூங்கிட்டிருப்பான், எழுப்புங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

வெளியே நாற்காலியில் மேவிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்னா தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள், ராய்ஸ் பேச்சைக் கேட்டு எடுத்தேன் என்பதையும் சேர்த்து. மேவிஸ் முகம் வெளிறியது.

"அந்த மனுஷனுக்கு வாய்தாம்மா. ஒரு தடவகூட அந்த வரிசையில போய் நின்னதில்ல. கொடுத்துட்டுத்தான் திட்டுவாரு. எல்லாக் கப்பல்லயும் இதே பாட்டு. நீ நெசமாவே போயிடுவேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அடுத்த நாள் மெக்சிகோவின் கொசுமேல் தீவுத் துறையில் ஹாலிஸை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். பெட்டிகளை யாரோ கட்டி வைத்திருந்தார்கள். இறங்கும் பலகையின் இரு பக்கமும் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நின்று, சென்று வாருங்கள் என்று சிரித்தார்கள். வெர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். ரோடெல் இல்லை. மாலையில் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் கப்பல் போவது தெரிந்தது. அவன் அதில் எந்தத் தளத்தில் இருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அறுவை முடிந்தது, ஊருக்கும் வந்து சேர்ந்தார்கள். ஹாலிஸ் அதன் பிறகு நடக்கவில்லை. ஆற்றைப் பற்றியும் பேசவில்லை. படூக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். கப்பல் கம்பெனிக்கு எழுதினாள்: ரோடெல் என்பவர்மேல் ஒரு தவறும் இல்லை, நான் சொன்னது பொய். உங்கள் கருத்துக்கு நன்றி என்றும், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்தது. போன் செய்தாள். ஊழியர்களைப் பற்றிய விவரம் தரமாட்டோம் என்றார்கள். அவன் இன்னும் வேலையில் இருக்கிறானா என்று மட்டும் கேட்டாள். அதையும் சொல்ல முடியாது என்றார்கள்.

இப்போது அவள் தினமும் இல்லத்துக்குப் போகிறாள். போகும்போது டோனட் பெட்டி ஒன்று, சில நாள் இரண்டு. பண்டிகை வந்தால் உறையில் வைத்த நோட்டு. ஹாலிஸுக்கு ஊட்டிவிடும் பெண்ணுக்கு, துணி மாற்றுகிறவனுக்கு, தரை துடைக்கிறவளுக்கு, கதவு திறந்துவிடுகிற காவல்காரருக்கும்கூட. கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். அவர் வாயைத் துடைத்துவிடும் கை மெதுவாகத்தான் இருக்கிறதா, நேற்றைவிட வேகமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். இரவில் தான் இல்லாதபோது அந்தக் கை எப்படி இருக்கும் என்று யோசிப்பாள்.

அங்கே வேலை பார்க்கும் டெனீஷா என்ற பெண் ஒருநாள் பெட்டியை வாங்காமல் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெர்னாம்மா, தெனம் இதைத் தூக்கிட்டு வராதீங்க. நீங்க கொண்டுவந்தாலும் கொண்டுவராட்டியும் இவரை நாங்க நல்லாத்தான் பாத்துக்குவோம். எங்க அப்பா மாதிரி."

வெர்னா சரி என்றாள். அந்தப் பெண் நல்லவள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நம்பமுடியவில்லை. ஹாலிஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று எழுந்தாள். நாளைக்கு வேண்டிய டோனட்டை இன்றே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.