எட்டு வகை அலுமினியம்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனிலிருந்து பிறந்தது. பெரிதாக எதையாவது சொல்லித் தொடங்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, நடந்தது அதுதான். ஒரு காலையில் சர்க்கரை எடுக்க ஸ்பூன் தேடினேன், ஒன்றுகூட இல்லை. எட்டும் ஜன்னல் ஓரத்தில் துணிக் கிளிப்பில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளி நிறம்.

முதல் தொடக்கம்: ‘மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளிப் பறவை—’ அடித்துவிட்டேன். பறவை ஒரு முழம்கூட இல்லை. சாப்பாட்டு மேசையை விட்டு அது எங்கும் பறந்ததும் இல்லை.

இரண்டாவது: ‘பல்செட் கட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி மிகுந்த பொறுமைசாலி.’ இது இருக்கட்டும். நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? (ஆமாம், அந்த மனைவி நான்தான். யாரோ ஒருத்தி மாதிரி எழுதினால் நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்காது போலிருக்கிறது.)

2

பல்செட்காரருக்கு ஒரு வாய் உண்டு. அதுதான் வில்லங்கம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில் அவருடைய மாமனார் விமானங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் விமானப் பணிமனையில் பெயிண்டராக இருந்தவர், பேசத்தானே செய்வார்? பல்செட்காரர் குறுக்கே விழுந்தார்.

“மாமா, நீங்க பெயிண்ட் அடிச்சவர்தானே? ஏதோ பிளேனையே ஓட்டின மாதிரி பேசுறீங்க!”

பந்தியே சிரித்தது. மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றிலிருந்து மகள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. மகளை வெளியில் பார்ப்பார், போனில் பேசுவார், அவ்வளவுதான். இப்போது மகனோடு வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு ஊருக்கே குடிபோகிறார். ‘போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வந்துட்டுப் போறேன்’ என்றார். ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஒட்டவில்லை என்றால் இனி எப்போதும் ஒட்டாது.

‘மன்னிச்சிடுங்க மாமா.’ சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்கு நாக்கு எழும்பாத மனிதர், மாமனார் வேலை பார்த்த அதே பயிற்சி விமானத்தின், ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். கூடவே எட்டு வகை அலுமினிய பெயிண்ட். ஒவ்வொன்றையும் பூசிப் பார்க்கத்தான் என் ஸ்பூன்கள் போயின.

“எட்டு எதுக்குங்க? எல்லாம் வெள்ளிதானே?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. இது பாலிஷ் போட்ட அலுமினியம். இது மங்கினது. இது வெயில்ல கிடந்தது. புகைக்குழாய் பக்கத்துல சூடுபட்டுப் பழுத்திருக்கும் பாரு, அதுக்கு இது.”*

* லேபிளை மறைத்துக்கொண்டு எட்டையும் காட்டினேன். மூன்றைத்தான் சரியாகச் சொன்னார். கதைக்கு இது தேவையே இல்லை. எழுதியதில் எனக்கு ஒரு நிம்மதி.

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.

மற்ற நிறங்கள் குறையை மூடும். உலோக நிறம் காட்டிக்கொடுக்கும். விருந்துக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, சின்னக் கீறலைக்கூட ஊரறியச் செய்துவிடும். அதனால் முதலில் மாடலை நனைத்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பளபளக்கும் கறுப்பு. வெள்ளி மின்ன வேண்டுமென்றால் அடியில் கறுப்பு இருக்க வேண்டுமாம். (இதில் தத்துவம் தேடாதீர்கள். நான் தேடினேன், தலைவலிதான் வந்தது.) கறுப்பு காய்ந்ததும் ஸ்பிரே துப்பாக்கியால் மெல்ல மெல்ல அலுமினியம், ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு சாயல். கடைசியில் மெருகு. யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ மெருகு போடும் பஞ்சு வட்டு எங்கள் வீட்டில் இறக்கைக்குச் சுற்றியது.

ஒருநாள் அலறினார்.

“ஐயோ! இறக்கையில முடி ஒட்டியிருக்கு! யாரு முடி இது?”

“வீட்ல இருக்கிறது நாம ரெண்டு பேரு. உங்களுக்கு எங்கங்க இருக்கு முடி?”

அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. இறக்கையை மறுபடி தேய்த்து, மறுபடி கறுப்படித்து, மறுபடி முதலிலிருந்து. மனிதர் சளைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

4

இப்போது இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இத்தனை பாடுபடுகிறவர் ஒரு போன் போட்டு, ‘மாமா, அந்த விமானம் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டிருக்க மாட்டாரா? மாட்டார். இணையத்தில் ஒரு படம் பார்த்தார். யாரோ பணக்காரர் பழைய விமானம் ஒன்றை வாங்கி, மேலிருந்ததையெல்லாம் உரித்து, முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றி வைத்திருக்கிறார். நம்மவர் அதையே வேதமாக எடுத்துக்கொண்டார்.

பணிமனையிலிருந்து வெளியே போன விமானங்கள் வெறும் உலோகமாகப் போகவில்லை. மேலே வெள்ளி பெயிண்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள். மின்னாது, சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும்.

எனக்குத் தெரியும். சின்ன வயதில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

சொல்லவில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது என்றார் அல்லவா? சரி, தெரியாது என்று இருந்துவிட்டேன். அது ஒரு காரணம். இன்னொன்று, நான் அதற்குள் இரண்டு பகுதி எழுதிவிட்டிருந்தேன். அவர் தப்புச் செய்யாவிட்டால் கதை படுத்துவிடும்.

5

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாமனார் வந்தார். (அப்பா வந்தார். இனி அப்பா என்றே எழுதுகிறேன்.) செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பல்செட்காரர் மேசை மேலிருந்த துணியை விலக்கினார்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். மூக்கிலிருந்து வால் வரை பார்த்தார்.

“அருமையா இருக்கு மாப்பிள்ளை. எவ்வளவு வேலை!” என்றார். பிறகு கேட்டார்: “பெயிண்ட் எங்க?”

“பெயிண்ட் இல்ல மாமா. வெறும் மெட்டல். அசலா அப்படியே.”

“அசல்ல பெயிண்ட் இருந்துச்சு. தகடு அரிச்சுடக் கூடாதுன்னு மூக்குல இருந்து வால் வரைக்கும் வெள்ளி அடிப்போம். இதுல நான் பண்ணது அது ஒண்ணுதான்.” இறக்கையை விரலால் தொட்டார். “அதையும் எடுத்துட்டீங்க.”

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பல்செட்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்த இடத்தில் அவர் உளறுவார் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மனிதர் உளறவில்லை.

“மன்னிச்சிடுங்க மாமா. அன்னிக்குப் பேசினதுக்கும் சேத்து. இது சத்தியமா எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டிருக்கணும்.”

அப்பா அவர் தோளில் கை வைத்தார்.

“சரி விடுங்க. உங்களுக்குத் தெரியாது.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமேம்மா?”

6

முடிவு அ: மூவரும் சேர்ந்து வெள்ளி பெயிண்ட் அடிக்கிறார்கள். கண்கள் பனிக்கின்றன. (சீ.)

முடிவு ஆ: “மறந்தே போச்சுப்பா” என்கிறாள் மகள். அப்பா நம்புகிற மாதிரி காட்டிக்கொண்டு கிளம்பிப் போகிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன்கூட—

முடிவு இ: “தெரியும்பா. கதைக்காகச் சொல்லல” என்று உண்மையைச் சொல்கிறாள். அதற்குமேல் அவள் என்ன

எழுத வரவில்லை.

“தெரியுமா உனக்கு?” என்று இவரும் கேட்டுவிட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்.

ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பாதவர் என்று இவரை இத்தனை பக்கம் கிண்டல் செய்தேன். அவர் சொல்லி முடித்துவிட்டார். அப்பா இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும்தான் இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏதாவது சொல்லுங்களேன்.