ரெத்தினம் தெரு

மாநகராட்சியிலிருந்து வந்த அரவிந்தன் பெயர்ப் பலகையின் கீழ் நின்றார். கையில் பட்டியல். சாதிப் பெயர் உள்ள தெருக்களுக்கு வேறு பெயர் வைக்கிறார்கள்.

"போர்டுல ரெத்தினம் தெருன்னு இருக்கு. ரிஜிஸ்டர்ல வேறல்ல இருக்கு?"

அந்த வேறு பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவாரோ என்று அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த அம்சம் பயந்தாள். சொல்லவில்லை.

"யாருங்க இந்த ரெத்தினம்?"

டீக்கடை வைத்தியலிங்கம் முந்திக்கொண்டார். "தியாகிங்க. ஜெயிலுக்கெல்லாம் போனவரு."

"அப்ப சர்டிபிகேட் இருக்குமே, கொண்டாங்க. இல்லாட்டி பூப் பேருதான். இந்த வார்டுக்கு அல்லியும் செவ்வந்தியும் பாக்கி இருக்கு."

"நல்லா காப்பாத்துனீங்க மாமா," என்றாள் அம்சம், பல்லைக் கடித்தபடி.

ரெத்தினம் அவள் அப்பா. கடைகளுக்கு போர்டு எழுதியவர். ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு வேலையை விட்டுத் தஞ்சாவூர் வந்தவர்களின் தெரு இது. பள்ளியில் சேர்ந்த அன்று முகவரியைக் கேட்ட வாத்தியார், அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த ஐப்பசியில், சதய விழாவுக்கு நகராட்சி ஆட்கள் எல்லாரும் பெரிய கோயிலுக்குப் போயிருந்த பகலில், அப்பா ஏணி போட்டார். நகராட்சியின் மஞ்சள். நகராட்சியின் எழுத்து. வேறு பெயர் யோசிக்க நேரமில்லை; பழைய பெயரை அழித்துத் தன் பெயரையே எழுதினார். பெயின்ட் டப்பாவை அவள்தான் பிடித்திருந்தாள்.

முப்பத்தெட்டு வருடம் ஒருவரும் கேட்கவில்லை. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அதுவே ஏறிவிட்டது.

அரவிந்தன் அவளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இங்க உள்ளவங்க யாருக்காச்சும் சொந்தமா? அப்படி வச்சுக்கிட்ட பேருன்னா கமிட்டி தள்ளிடும். யாருன்னே தெரியாத பழைய பேருன்னா, வழக்கத்துல இருக்குன்னு விட்டுடுவாங்க."

வைத்தியலிங்கம் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"தெரியாதுங்க," என்றாள் அம்சம்.

"பொறந்ததுலேருந்து இங்கதானே இருக்கீங்க?"

"ஆமாங்க. யாருன்னு தெரியாது."

அவர் எழுதினார். பெயர்க் காரணம்: தெரியவில்லை. தாளை அவள் பக்கம் நீட்டினார். "தெருக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றாத கையெழுத்து. ரெ. அம்சம். பேனா தாளைத் தொட்டு நின்றது. ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பக்கத்தில் அம்சம் என்று மட்டும் எழுதினாள்.

அரவிந்தன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இனிஷியல் இல்லையா?"

"இல்லீங்க."