பூட்டை மட்டும் எடுத்துக்கோ

கன்னியப்பன் நகர் தொடக்கப் பள்ளியில் புது வகுப்பறை கட்டி, எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனதோடு சரி. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு பிள்ளையும் கால் வைக்கவில்லை. சாவி கவுன்சிலர் ஏகாம்பரத்தின் வீட்டில் இருந்தது. உள்ளே கட்சிக் கொடிக்கம்பங்களும் பேனர் சட்டங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடைந்து கிடந்தன. பிள்ளைகள் எல்லாம் பழைய கட்டடத்தின் ஒற்றைக் கூடத்திலும் வராந்தாவிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பத்மாவின் மகள் தீபிகா அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். பத்மாவுக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஷிப்ட் சீக்கிரம் முடிந்ததால் மகளைக் கூப்பிட நேராகப் பள்ளிக்குப் போனாள். வராந்தாவில் பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை சரசா விளிம்பில் நின்றிருந்தார். சாரல் பிள்ளைகள் மேல் படாமல் அவர் முதுகில் அடித்தது. இன்னொரு ஆசிரியையை வாக்காளர் பட்டியல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பத்மா புது அறைப் பக்கம் போனாள். போனை எடுத்து, பூட்டிய புது அறையைப் படம் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தாள்.

"இன்னா டீச்சர் இது? அம்மாம் பெரிய ரூம கட்டி வச்சுட்டு, பசங்கள சாரல்ல குந்த வச்சுகினு கீறீங்கோ?"

"நான் என்ன பண்ணட்டும் பத்மா? கவுன்சிலர்கிட்ட சாவி கேட்டா, கட்சிக் கூட்டம் முடியட்டும்ங்கிறார். எம்.எல்.ஏ. ஆபீஸ்ல கேட்டா, கவுன்சிலரைக் கேளுங்கிறாங்க. மேலே எழுதிப் போட்டா பதிலே இல்லை. இவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணாவது இந்த வராந்தாவுல உக்காந்திருந்தா இவங்களுக்கு உறைக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் போனைக் கவனித்தார். முகம் சட்டென்று மாறியது.

"என் பேச்சு அதுல வர வேணாம்மா. பூட்டை மட்டும் எடுத்துக்கோ. எங்களுக்கெல்லாம் வாயைத் திறக்க அனுமதி கிடையாது."

"சரி டீச்சர். உங்க பேச்ச எடுத்துர்றேன்," என்றாள் பத்மா.

வீட்டுக்கு வந்து, குரலை எடுத்துவிட்டு வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு கதவு, ஒரு பூட்டு, கொஞ்சம் மழை. சப்பென்று இருந்தது. இதைப் பார்த்து எவன் மசிவான்? குரலைத் திரும்பச் சேர்த்து ஓட்டினாள். 'இவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணாவது' என்ற இடத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. முகம்தான் தெரியவில்லையே, குரல்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏரியா குரூப்பில் போட்டுவிட்டாள். அனுப்பிய கையோடு ஒரு கணம் திக்கென்றது. அழிக்க நேரம் இருந்தது. அவள் அழிக்கவில்லை.

மறுநாள் கம்பெனி வேனில், கூட வேலை செய்யும் அஞ்சலை அதே வீடியோவை அவளிடமே காட்டினாள். ஆவடியில் இருக்கும் தங்கச்சி அனுப்பியதாம். அன்று மாலை டிவியில் வந்தது. அதற்கடுத்த நாள் ஏகாம்பரமே முன்னால் நின்று நாற்காலிகளை வெளியேற்றி, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார். தெருமுனையில் பத்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தொறந்து வுட்டிருப்பேனே தங்கச்சி. இப்டி சந்தி சிரிக்க வச்சுட்டியே."

தெருவே பத்மாவை மெச்சியது. தில்லுக்காரி என்றார்கள். பத்மாவுக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது, அடுத்த வாரம் தீபிகா பள்ளியிலிருந்து வந்து அதைச் சொல்லும்வரை.

"சரசா மிஸ்ஸ வேற ஸ்கூலுக்கு அனுப்ட்டாங்களாம்மா. எங்கியோ பழவேற்காடு பக்கமாம்."

ஏகாம்பரத்தின் மேல் ஒரு தூசும் விழவில்லை. எம்.எல்.ஏ.வை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வராந்தாவில் நனைந்துகொண்டு நின்றவர் தலையில்தான் இடி விழுந்தது.

பட்டாபிராமில், கணவரின் டிபன்ஸ் குவார்ட்டர்ஸில்தான் டீச்சர் இருந்தார். பத்மா அங்கே போய் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். டீச்சர் முகம் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தாள் பத்மா. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"தப்பாப் பூட்ச்சு டீச்சர். உங்க பேச்ச எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். போன் கோளாறு."

"எனக்குத் தெரியாதா பத்மா? நீ வேணும்னு செய்வியா?"

பத்மா பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஏரியா குரூப் கொதித்தது. ஓட்டுக் கேட்க வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நல்ல டீச்சரைத் தூக்கிவிட்டு, வாரத்தில் பாதி நாள் வேறு பள்ளியிலிருந்து ஆள் அனுப்புகிறார்களே, இதுவா கல்வி என்றார்கள். பத்மாவும் அவர்களோடு சேர்ந்து திட்டினாள். திட்டத் திட்ட வாய் கசந்தது. அவர்களைத் திட்டுகிற ஒவ்வொரு சொல்லும் பாதி வழியில் தன் பக்கமே திரும்புவதுபோல் இருந்தது.

பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து, டீச்சரைத் திருப்பி அனுப்பச் சொல்லி மனு எழுதிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். பத்மாதான் பேச வேண்டும் என்று எல்லோரும் அவளை முன்னால் தள்ளினார்கள். அதிகாரி மரியாதையாகவே கேட்டார். மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பத்மா சட்டென்று நிறுத்தினாள்.

"சார், டீச்சர் டிவிக்குப் பேட்டி எதுவும் குடுக்கல. என் பேச்ச போடாதன்னு சொன்னாங்கோ. சரின்னு சொல்லிட்டு நான்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். இன்னா தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்கோ."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த வீடியோம்மா? இது நிர்வாகக் காரணத்துக்காகப் போட்ட மாறுதல். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப திருப்பி அனுப்புங்கோ சார்."

"பரிசீலிக்கிறோம்."

அவ்வளவுதான். அவள் கஷ்டப்பட்டு வெளியே எடுத்துப் போட்ட உண்மையை வாங்கிக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை. வெளியே வந்ததும், பக்கத்துத் தெரு கலியமூர்த்தி அவளை ஆறுதல்படுத்தினார்.

"வுடும்மா. நீ போடாங்காட்டி அந்த ரூமு தொறந்தே இருக்காது."

அதுவும் உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு உதவவில்லை.

மறுநாள் விடியற்காலை பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் போனாள். சரசா டீச்சர் ரயில் பிடித்து, மாறி, பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும். சாப்பாட்டுப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பத்மாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். பத்மா உட்காரவில்லை.

"டீச்சர், அன்னிக்கு உங்க ஊட்ல பொய் சொன்னேன். போன் கோளாறு இல்ல. உங்க பேச்சு இருந்தாத்தான் எடுபடும்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

டீச்சர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் இப்ப சொல்றே?" என்றார்.

"மனசு ஆறல டீச்சர்."

"உன் மனசு ஆறணும்னு சொல்றே."

டீச்சர் சாப்பாட்டுப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா? நீ திரும்ப வந்து, டீச்சர் இப்படி இருந்தாத்தான் எடுபடும், போடட்டுமான்னு கேட்டிருந்தா, போட்டுக்கோன்னு சொன்னாலும் சொல்லியிருப்பேன். அப்ப இந்த அலைச்சல் நானா ஏத்துக்கிட்டதா இருந்திருக்கும். நீ கேக்கலையே பத்மா."

குரல் உயரவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பத்மாவுக்குத் தோன்றியது. ரயில் வந்தது. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினார். உள்ளே உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். ரயில் நகர்ந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். இறங்கவில்லை. கம்பெனி வேன் டிரைவர் போனில் கூப்பிட்டார். "வந்துகினு கீறேன்ணா," என்று சொல்லிவிட்டு, ஏறி வந்த படிகளில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போனாள்.